ஐசியுவில் பையனா பெண்ணா என்பது முக்கியமா?

கேள்வி: என் தங்கையின் நான்கு வயது மகன் கடும் நிமோனியாவால் ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறான். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "பொண்ணா இருந்தா தாங்கிடும், பையன்னா கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டார். தங்கை உடைந்துபோய்விட்டாள். இது உண்மையா? – ஒரு வாசகி

பதில்: நான்கு வயதுக் குழந்தை பிழைக்குமா என்பதை அது பையன் என்பதை வைத்து யாராலும் சொல்ல முடியாது, இதை இன்றைக்கே தங்கையிடம் சொல்லிவிடுங்கள். ஐசியுவுக்கு வரும் குழந்தையின் ஆபத்தைக் கணக்கிட உதவும் பிம் 3 என்ற மதிப்பெண் முறையில் ரத்த அழுத்தம், வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறதா, வென்டிலேட்டர் தேவைப்பட்டதா, ஏற்கெனவே பெரிய நோய் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்று அதில் பார்ப்பதே இல்லை.

உறவினர் சொன்னது எங்கிருந்து வந்திருக்கும் என்றால், குறைமாதக் குழந்தைகளிடமிருந்துதான். அங்கே வித்தியாசம் நிஜம். 22 முதல் 25 வாரங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெண்ணாகப் பிறப்பது வயிற்றில் ஏறக்குறைய ஒரு வாரம் கூடுதலாக இருந்ததற்குச் சமமான பலனைத் தந்தது. நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் ஆண் கருவில் கொஞ்சம் தாமதமாகத்தான் சுரக்கிறது, அது ஒரு காரணம். அப்புறம், நோய் எதிர்ப்புக்கான பல மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன, பையனுக்கு அது ஒன்றுதான், அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட பழுது அரிது.

கைக்குழந்தைப் பருவம் தாண்டிவிட்டால் படம் கலங்கிவிடுகிறது. சில ஆய்வுகளில் பையன்கள் கொஞ்சம் பின்தங்குகிறார்கள், சிலவற்றில் பெண்கள், பலவற்றில் வித்தியாசமே இல்லை. பல ஐசியுக்களில் அனுமதிக்கப்படுவோரில் பாதிக்கு மேல் பையன்கள் என்பதால் அவர்களின் இறப்பும் எண்ணிக்கையில் அதிகமாகத் தெரியும், அதற்காக ஒவ்வொரு பையனின் வாய்ப்பும் குறைவு என்று ஆகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், "பொண்ணு தாங்கிடும்" என்ற பேச்சு எனக்குக் கோபம் தருகிறது. அந்த நம்பிக்கையில் பெண் குழந்தையை ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவந்தால், இயற்கை கொடுத்த சின்ன அனுகூலமும் வாசலிலேயே போய்விடும்.

சரி, தங்கை டாக்டரிடம் என்ன கேட்கலாம்? நேற்றைவிட இன்று ஆக்சிஜன் குறைவாகத் தேவைப்படுகிறதா, ரத்த அழுத்தம் மருந்தில்லாமல் நிற்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, வென்டிலேட்டரை எப்போது குறைத்துப் பார்ப்பார்கள். அவன் எப்படி இருக்கிறான் என்பது இந்தப் பதில்களில்தான் தெரியும்.