கால்சியம் ஊற்றியும் ஏறவில்லையா? முதலில் ஆல்கலினிட்டியைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். கால்சியம் 380, ஆல்கலினிட்டி 6.3 என்று காட்டுகிறது. கொஞ்ச நாளாகக் கால்சியம் திரவம் ஊற்றி வருகிறேன். கால்சியம் லேசாகத்தான் ஏறுகிறது, ஆல்கலினிட்டியோ மேலும் இறங்குகிறது. என்ன செய்வது?

பதில்:

கால்சியம் பாட்டிலைக் கொஞ்ச நாளைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். 380 பிபிஎம் (பத்து லட்சத்தில் 380 பங்கு) என்பது பதறவேண்டிய அளவு இல்லை. கவனிக்க வேண்டியது ஆல்கலினிட்டியின் அந்த 6.3. ஆல்கலினிட்டி என்பது அமிலத்தை ஈடுகட்டும் தண்ணீரின் திறன், கடல்நீரில் அது பெரும்பாலும் பைகார்பனேட்.

அதற்கும் முன்னால் உப்பளவைப் பார்த்துவிடுங்கள். இயற்கைக் கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 இருக்கும்போது கால்சியம் 410 பிபிஎம் சுற்றி இருக்கும், ஆல்கலினிட்டி 7 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். உங்களுடைய இரண்டு எண்களும் அதைவிட ஏறக்குறைய ஒரே விகிதத்தில், ஏழிலிருந்து பத்து சதவீதம், குறைந்திருக்கின்றன. இப்படிச் சேர்ந்து குறைந்தால் தண்ணீரில் உப்பே குறைவோ என்றுதான் எனக்கு முதலில் சந்தேகம் வரும். உப்பளவு பார்க்க, ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஊசியில் ஒட்டும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் அதைத் தூக்கிவிடும். உப்பு 32 இருக்க 35 என்று காட்டும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் நல்ல தண்ணீரை வைத்துச் சரிபார்க்காமல், 35க்கான அளவீட்டுத் திரவத்தை வைத்துச் சரிபாருங்கள்.

உப்பளவு சரியாக இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். அதற்குக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஒரு கணக்கில்தான் எடுக்கும்: 1 டிகேஎச் ஆல்கலினிட்டி போனால் கூடவே சுமார் 7 பிபிஎம் கால்சியம் போகும். இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆல்கலினிட்டி 8லிருந்து 4க்கு, அதாவது சரிபாதியாக, விழுந்தாலும் கால்சியம் 420லிருந்து 391க்குத்தான் வந்திருக்கும். வீட்டு டெஸ்ட் கிட்டில் பத்து இருபது பிபிஎம் தவறு சர்வசாதாரணம். ஆகவே தொட்டியில் பெரிய சரிவு நடந்துகொண்டிருக்கும்போதும் கால்சியம் டெஸ்ட் ‘எல்லாம் நலம்’ என்றே சொல்லும். கடல்நீரில் கால்சியத்தின் கையிருப்பு பெரிது, ஆல்கலினிட்டியின் கையிருப்பு சிறிது. அதனால்தான் ஆல்கலினிட்டியை அடிக்கடி பார்க்கச் சொல்கிறேன். கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

கால்சியத்தை மட்டும் ஊற்றினால் என்ன ஆகும் என்பது இப்போது புரிந்திருக்கும். பவளங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டே இருக்கின்றன, நீங்கள் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்கிறீர்கள். இன்னொன்று இறங்காமல் என்ன செய்யும்?

மக்னீசியம் குறைவாக இருந்தாலும் இதே தொல்லைதான். தண்ணீரில் கால்சியம் கார்பனேட் தானாகப் படிகமாகி விழாமல் தடுப்பதில் மக்னீசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது 1250க்கும் 1350க்கும் நடுவில் இருக்கட்டும். 1100 பக்கம் போய்விட்டால் எவ்வளவு ஊற்றினாலும் இரண்டும் நிற்காது. ஹீட்டர் மீதும் பம்ப்பின் சுழலி மீதும் வெள்ளையாகக் கரடு தட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து ஊற்றியதில் ஒரு பங்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வினிகரில் ஊறவைத்தால் பொங்கிக் கரைந்துவிடும்.

அடுத்து கிட்டை நம்பலாமா என்று பாருங்கள். இதற்குச் சமையல் சோடாவே போதும். சுத்தமான ஆர்ஓ தண்ணீர் ஒரு லிட்டரில் 3 கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் அது 100 டிகேஎச். அதில் 100 மில்லியை எடுத்து, மேலும் ஆர்ஓ தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்கினால் 10 டிகேஎச். இதை உங்கள் கிட் 10 என்று காட்ட வேண்டும். 8.5 என்றோ 11.5 என்றோ காட்டினால், இத்தனை நாள் எந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டோம் என்று தெரிந்துவிடும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும், கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. சொட்டு எண்ணும் கிட்டாக இருந்தால் மாதிரித் தண்ணீரை இரண்டு மடங்கு எடுங்கள். ஒரு சொட்டுக்கு 1 டிகேஎச் என்பது அரை டிகேஎச் ஆகிவிடும், அளவு இன்னும் துல்லியமாகக் கிடைக்கும்.

இனி உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நாள் எதையும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 8.0 மூன்று நாளில் 6.8 ஆனால் ஒரு நாளைக்கு 0.4 என்று கணக்கு. உங்களுக்கு ஏற்கனவே 6.3தான் என்பதால் முதலில் 8 வரை ஏற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 100 லிட்டருக்கு 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா தேவை. கல்லும் மணலும் அடைக்கும் இடம் போக உங்கள் தொட்டியில் உண்மையில் 160 லிட்டர் இருக்கலாம். அப்படியானால் 6.3லிருந்து 8க்கு ஏற 8 கிராம் சொச்சம். ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள், மூன்று நான்கு நாளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. அக்ரோபோரா மாதிரிக் கிளைவிடும் கல் பவளங்களில் நுனி வெந்தது போல வெளுப்பதற்கு, ஆல்கலினிட்டி திடீரென ஏறுவதும் ஒரு காரணம்.

அப்புறம் தினசரிக் கணக்கு. 0.4 என்றால் உங்கள் 160 லிட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் சமையல் சோடா, அதற்கு இணையாக 1.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் தனித்தனியாக ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில், நேரம் விட்டு ஊற்றுங்கள். ஒன்றை ஊற்றிய கையோடு அதே இடத்தில் மற்றதையும் ஊற்றினால் பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி திரிந்துவிடும். அந்த வெள்ளைத் துகள் எந்தப் பவளத்துக்கும் பயன்படாது.

கடையில் விற்கும் இரட்டைப் பாட்டில்களிலும் அடிப்படையில் இதே சமாச்சாரம்தான். விலைதான் வேறு.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பொருள் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. உணவுத் தரத்தில் தூளாகக் கிடைப்பதை வாங்குங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் சரியான விகிதத்தில் ஒருசேரக் கொடுக்கும், பிஎச்சையும் உயர்த்தும். ஏசி போட்டுக் கதவை அடைத்த அறையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் விழும் வீடுகளுக்கு இது அருமையான மருந்து. ஆனால் அந்த நீரின் பிஎச் 12க்கு மேல், அதனால் இரவில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஆவியாகும் அளவுக்கு மேல் ஊற்றவும் வழியில்லை. 100 லிட்டர் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் சுமார் 1.1 டிகேஎச் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரை விடாதீர்கள். நான் இருக்கும் சிங்கப்பூரில் அதில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கும், கார்பன் ஃபில்டரும் ஆர்ஓவும் இல்லாமல் ஆகாது. ஊரில் போர் தண்ணீர் என்றால் அதன் கடினத்தன்மையே உங்கள் கணக்கை எல்லாம் குழப்பிவிடும்.

உங்கள் தொட்டியில் என்ன வளர்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மென்பவளமும் காளான் பவளமும் மட்டும்தான் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை, ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே போதும். கல் பவளம் என்றால், இந்தியாவில் அவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது விற்க வந்தால் விலைகூடக் கேட்காதீர்கள்.

தண்ணீர் மாற்றும்போது ஒன்று. சில உப்புத்தூள்களில் ஆல்கலினிட்டி 11 வரை இருக்கும். 8ல் ஓடும் தொட்டியில் அதைப் பாதிக்குப் பாதி மாற்றினால் ஒரே மணி நேரத்தில் ஒன்றரை டிகேஎச் ஏறிவிடும். புதிய தண்ணீரை வாளியிலேயே அளந்து பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து சதவீதமாக மாற்றுங்கள். உப்பளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சோடாவும் கால்சியம் குளோரைடும் ஊற்ற ஊற்றச் சாதாரண உப்பும் மிச்சமாகித் தொட்டியில் சேர்ந்துகொண்டே வரும்.