வாசகர் கேள்வி – பதில்: நாமா, நாங்களா?

கேள்வி: பேச்சுப் பயிலரங்கில், அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் ‘எனக்கொரு கனவு’ உரையையும் மால்கம் எக்ஸின் ‘ஓட்டா, தோட்டாவா’ உரையையும் ஒப்பிடப் போகிறேன். எது வலிமையானது என்று எப்படி அளப்பது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: எதிரே யார் இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகப் படிக்கட்டில் கிங் நின்றபோது முன்னால் சுமார் 2.5 லட்சம் பேர். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த வெள்ளையர் குடும்பங்களும் அவருடைய அவைதான். கறுப்பருக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமை மசோதாவைக் கையில் வைத்திருந்த நாடாளுமன்றமும்தான். ஆகவே யாரும் தள்ளிவிட முடியாத இடங்களிலிருந்தே சொல்லெடுக்கிறார்: லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை, சுதந்திரப் பிரகடனம், பைபிள்.

மால்கம் எக்ஸ் 1964 ஏப்ரல் 3 அன்று கிளீவ்லாந்தில் ஒரு தேவாலயத்துக்குள் பேசினார். கேட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்த வாரம்தான் செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே அந்த மசோதாவை இழுத்தடிக்கத் தொடங்கியிருந்தார்கள். தேர்தல் ஆண்டு வேறு. வெளியாரைக் குளிர்விக்கும் தேவை அவருக்கு இல்லை. வெற்றுத் தட்டோடு உங்கள் மேசையில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நானும் சாப்பிட்டவன் ஆகிவிடுவேனா என்று கேட்கிறார். பந்தி தெரிந்த நமக்கு இந்தக் கேலிக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்து, ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் மூன்று நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, கேட்டபடியே எழுதுங்கள். ‘வி’ (we) என்று வரும் இடமெல்லாம் கோடிடுங்கள். ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல்தான். தமிழாக்கும்போது உங்களுக்கு நாமா, நாங்களா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவிலேயே ஒப்பீட்டில் பாதி முடிந்துவிடும். கிங் “செக்கைக் காசாக்க வந்திருக்கிறோம்” என்னும்போது நாட்டைப் பார்த்து நிற்கும் ‘நாங்கள்’. கறுப்பரும் வெள்ளையரும் கைகோக்கும் நாளைச் சொல்லி முடிக்கும்போது அது ‘நாம்’ ஆகிவிட்டது. பதினேழு நிமிடத்துக்குள் நடந்த இந்த இடமாற்றம்தான் அந்த உரையின் சாதனை என்பேன். மால்கம் எக்ஸிடம் ‘நாம்’ முதலிலிருந்தே உண்டு, ஆனால் அது அந்தக் கூடத்தில் இருப்பவர்களோடு நின்றுவிடும். தன்னை அமெரிக்கன் என்றே அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அமெரிக்கத்தனத்துக்குப் பலியான 2.2 கோடிக் கறுப்பர்களில் ஒருவன் என்கிறார்.

(ஆங்கிலத் தலைப்பில் ‘பேலட், புல்லட்’ என்று மோனை. ‘ஓட்டா, தோட்டாவா’ அதை எதுகையாக்கிக் காப்பாற்றிவிட்டது. ‘வாக்குச்சீட்டா, துப்பாக்கிக் குண்டா’ என்று நீட்டாதீர்கள்.)

கேள்வி: நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அவையில் கொட்டாவி விடுகிறார்கள். கிங்குக்கு மட்டும் எப்படிக் கைதட்டல்?
– பட்டிமன்றப் பேச்சாளர், காரைக்குடி

பதில்: திரும்ப வரும் சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வர வேண்டும். “நூறு ஆண்டுகள் கழித்தும்” என்று கிங் தொடக்கத்தில் நான்கு முறை சொல்கிறார். முதலில், கறுப்பருக்கு இன்னும் விடுதலை இல்லை என்ற வெறும் செய்தி. பிறகு நிறப் பிரிவினையின் விலங்கு. பிறகு செழிப்புக் கடலின் நடுவே வறுமைத் தீவு. கடைசியில், சொந்த மண்ணிலேயே நாடு கடத்தப்பட்டவன். செய்தியில் தொடங்கிப் படத்துக்குப் போகிறது, படமும் பெரிதாகிறது. நீங்கள் அனேகமாகப் பெரிய படத்தை முதலிலேயே காட்டிவிடுகிறீர்கள்.

உடனே அணியை மாற்றிவிடுகிறார் என்பதையும் கவனியுங்கள். நாட்டை நிறுவியவர்கள் எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு புரோநோட்டு எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பர் விஷயத்தில் நாடு அதைத் தீர்க்கவில்லை. கொடுத்த செக்கும் ‘கணக்கில் போதிய பணமில்லை’ என்று திரும்பிவிட்டது. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுக்கிறோம். ஆகவே காசாக்க வந்திருக்கிறோம். ஒரே உருவகத்தில் ஐந்து படி. புரோநோட்டு எழுதிப் பழகிய எந்த ஊரிலும் இது விளங்கும்.

கனவுப் பகுதி கடைசி மூன்றிலொரு பங்கில்தான் வருகிறது. கையிலிருந்த எழுத்துப் பிரதியில் அது இல்லை. அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்ஸன், கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். அதற்காக அதை அந்த நேரத்து உதிப்பு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு மாதம் முன்பு, ஜூனில், டெட்ராய்ட்டிலேயே அதைச் சொல்லிப் பார்த்திருந்தார்.

கேள்வி: அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட சோஜர்னர் ட்ரூத்தின் ‘நான் பெண்ணில்லையா?’ உரையையும் சேர்க்கலாமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: எந்த வடிவத்தை? 1851-இல் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரனில், பெண்ணுரிமை மாநாட்டில் பேசியது அதே ஆண்டு செய்தித்தாளில் வந்தபோது அந்தப் பல்லவியே அதில் இல்லை. 1863-இல் பெண்ணுரிமைப் போராளி பிரான்சிஸ் கேஜ் எழுதிய வடிவத்தில்தான் அது வருகிறது, அதுவும் தென்மாநிலக் கொச்சையில். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு பேசி வளர்ந்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நல்ல பாடம். ஒன்றை மட்டும் அவர் வாய்மொழி என்று வைத்து அணி எண்ணினால் கேஜின் அணியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: மிசிசிப்பியில் கறுப்பர் வாக்குரிமைக்குப் போராடிய ஃபேனி லூ ஹேமரின் உரையைப் பெரிதாகச் சொல்கிறார்கள். படித்தால் போலீஸ் வாக்குமூலம் போல் இருக்கிறதே?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: வாக்குமூலமேதான். 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டில் எந்தப் பிரதிநிதிகளை ஏற்பது என்று முடிவுசெய்யும் குழுவின் முன் கொடுத்தது. மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமான பிரதிநிதிகளுக்குப் பதில் தங்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை உட்கார வைக்க வேண்டும் என்பது கோரிக்கை. சுமார் எட்டு நிமிடம், கையில் குறிப்பில்லை. பெயர் சொல்கிறார், பிறகு 626, கிழக்கு லஃபாயெட் தெரு, ரூல்வில் என்று விலாசம். தொடர்ந்து, இது செனட்டர் ஈஸ்ட்லாண்டின் ஊர்ப்பக்கம் என்கிறார். கறுப்பர் உரிமைகளைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அவ்வளவுதான், குற்றம் சாட்டியாகிவிட்டது.

1962 ஆகஸ்ட் 31: வாக்காளராகப் பதிய ஹேமர் உட்பட 18 பேர் 26 மைல் போகிறார்கள். திரும்பும் வழியில், பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர்மீது வழக்கு. பதிவைத் திரும்பப் பெறச் சொன்ன, தான் வேலை செய்த பண்ணையின் முதலாளியிடம், உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்கிறார். சற்று நேரத்தில், செப்டம்பர் 10 அன்று ஒரு வீட்டுக்குள் 16 தோட்டாக்கள் பாய்ந்தன, “எனக்காக” என்கிறார். ஒரே சொல், முதலில் உரிமை, அடுத்து குறி. வெறும் வாக்குமூலம் என்கிறீர்களே, இது அணி இல்லையா?

நேரலையிலிருந்து இதை விலக்க ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். அன்றிரவே தொலைக்காட்சிகள் உரையைப் போட்டுவிட்டன. ஆனாலும் கட்சி தர முன்வந்தது இரண்டே இடம், அவர்கள் ஏற்கவில்லை. பலனை வைத்து அளந்தால் இது தோற்ற உரை, ஆகவே பலனையும் வலிமையையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

எட்டு நிமிடமும் பெரும்பாலும் ‘நான்’. முடிவில்தான், உயிருக்கு மிரட்டல் வருவதால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்கும் ‘நாங்கள்’ வருகிறது: இதுதான் அமெரிக்காவா என்ற கேள்வியோடு. அங்கே ‘நாம்’ என்று மொழிபெயர்த்தால் குழுவில் இருந்தவர்களும் பயந்து தூங்கியதாகிவிடும். இதை மேடையில் படிப்பவர்கள், ஹேமர் சிறையில் அடி வாங்கியதைச் சொல்லும் பகுதியில் குரலை உயர்த்தி, விலாசத்தை விழுங்கிவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள்: 626-ஐ நிதானமாக, தெளிவாக, அடியைத் தாழ்ந்த குரலில்.