குளக்கட்டும் யானை வேலியும் வகுப்பறைக்குள்: விஞ்ஞான ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

இலங்கையின் வடக்கே வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களும் சில பெற்றோரும் ஒரு மாணவரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விஞ்ஞான பாட ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பிள்ளைகள் தினமும் காணும் பொருளை வைத்து விஞ்ஞானத்தையும் பொறியியலையும் படிப்பிக்க என்ன வளங்கள் இருக்கின்றன, அவற்றை எப்படிப் பாவிப்பது என்பதுதான் எல்லாக் கேள்விகளிலும் இருந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று சொல்ல ஓர் அலுமாரிதான் இருக்கிறது. தரம் 8, 9 பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

முத்தையன்கட்டுக் குளம் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது ரீச்சர், அதிலிருந்தே தொடங்குங்கள். துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு), வான் (குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம்), வாய்க்கால் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு வராத வயதிலேயே பழகின விஷயம். திரவ அமுக்கம் என்ற அலகுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

வகுப்பில் செய்வதற்கு, பக்கம் நேராக உள்ள ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தல் போதும். அடியிலிருந்து 5, 10, 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரே ஆணியைச் சூடாக்கி மூன்று துளை போடுங்கள். மூன்றையும் ரேப்பால் ஒட்டி, 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, போத்தலை மேசையில் வையுங்கள். ரேப்பை எடுக்குமுன் எந்தத் தண்ணீர் ஆகத் தூரம் போய் விழும் என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லாரும் அடித்துளை என்பார்கள். பல புத்தகங்களில் படமும் அப்படித்தான் வரைந்திருக்கும். எடுத்துப் பார்த்தால், நடுத்துளைத் தண்ணீர்தான் முன்னால் போய் விழும். மேல்துளையினதும் அடித்துளையினதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். நீர்மட்டம் இறங்காமல் ஒரு பிள்ளை மேலே ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும், அது முக்கியம்.

அடித்துளையில் வேகம் கூடத்தான். ஆனால் அந்தத் தண்ணீர் மேசையைத் தொட அதிக நேரம் எடுக்காது, முன்னுக்குப் போக அதற்கு அவகாசம் இல்லை. இப்போது போத்தலைக் கதிரையின் விளிம்பில் வைத்து நிலத்தில் விழ விடுங்கள், அடித்துளை வென்றுவிடும். புத்தகம் சரியா பிழையா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதத்தை உடனே தீர்த்து வைக்க வேண்டாம். அடிமட்டத்தைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு குளத்துக்குத் திரும்புங்கள். துளையால் வரும் நீரின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. துருசுக்கு மேலுள்ள நீர் நாலில் ஒரு பங்காக வற்றினால் வேகம் பாதியாகத்தான் குறையும். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் நீர்மட்டம் இறங்கியதும் துருசுக் கதவை ஏன் கூடத் திறக்கிறார்கள் என்பதற்குப் பிள்ளை தானே விடை சொல்லும். கமக்காரர் அமைப்பில் இருக்கும் ஒரு ஐயாவைக் கூப்பிட்டு, எந்த மட்டத்தில் எவ்வளவு திறப்பார்கள் என்று சொல்லவையுங்கள். அவர் அனுபவத்தில் சொல்லும் கணக்கையும் பிள்ளைகள் அளந்த கணக்கையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

குளத்துக் கொள்ளளவை நம் ஆட்கள் ஏக்கர் அடியில்தான் சொல்வார்கள். ஒரு ஏக்கர் வயலில் ஓரடி உயரம் நிற்கும் நீர் அது, ஏறத்தாழ 1,233 கன மீற்றர். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி 1,000 லீற்றர் என்றால் 1,233 தாங்கி. கணிதப் பாட ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ள இது நல்ல இடம்.

துணுக்காயிலிருந்து ஓர் ஆசிரியர்: இதெல்லாம் விஞ்ஞானம். பொறியியல் எங்கே வருகிறது? மொடல் செய்வித்தால் போதுமா?

போதாது சேர். தேர்மோகோலில் அழகாக ஒரு குளம் செய்து பெயின்ற் அடித்தால் அது கைவேலை. பொறியியல் என்றால் ஒரு தேவை இருக்க வேண்டும், கட்டுப்பாடு இருக்க வேண்டும், உடைந்து பார்க்க வேண்டும், திரும்பக் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிளாஸ்ரிக் தட்டு, ஒரே அளவு மணல், அதே அளவு புற்றுமண், ஒரு பிடி சிறுகல் கொடுங்கள். தட்டின் குறுக்கே கட்டுக் கட்டி ஒரு பக்கம் தண்ணீர் நிரப்பினால் கால் மணித்தியாலம் நிற்க வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். முதல் தடவை அனேகமாக எல்லாக் கட்டும் கசிந்து விழும். எங்கே முதலில் ஈரம் தெரிந்தது, எங்கே மண் கரைந்து வந்தது என்று கொப்பியில் படம் போடச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை யாராவது ஒரு குழு புற்றுமண்ணை நடுவில் சுவர் மாதிரி இறுக்கி, மணலை இரு பக்கமும் போடும். களியை நடுவில் வைத்த மண்ணணைகளின் தத்துவம் அதுதான். அடியை அகலமாகவும் மேலை ஒடுக்கமாகவும் கட்டுவது ஏன், தண்ணீர்ப் பக்கம் கல் பதிப்பது ஏன், கட்டில் மரம் வளர விடாதது ஏன் என்ற கேள்விகளை அதற்குப் பிறகு கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை: தமிழில் ஆயத்தமாகக் கிடைக்கும் வளங்கள் எவை? இணையம் எங்களுக்கு விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. வழிகாட்டியில் செயற்பாடுகள் நிறையவே உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பகுதி இருக்கிறது.

கணினியில் செய்து பார்க்கும் உருவகப்படுத்தல்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபெட் (PhET) என்ற இலவசத் தளம். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது. பல உருவகங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. உங்களுக்குப் பெரிய வசதி, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே திறக்கலாம். நகரத்துக்குப் போகும் நாளில் மின்சுற்று, அடர்த்தி, பாய்மம் பற்றியவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பொறியியல் பாடத் திட்டங்களுக்கு அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள டீச் எஞ்ஜினியரிங் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, ஆங்கிலத்தில். பழைய சைக்கிள் வால்வு ரியூப், நெருப்புக்குச்சி, கடதாசி கொண்டு செய்யும் பொருள்களுக்கு இந்தியாவின் அரவிந்த் குப்தாவின் தளம். அதில் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம், மொழி ஒரு தடையில்லை.

மன்னாரிலிருந்து ஓர் ஆசிரியர்: வெளிநாட்டுப் பாடத் திட்டங்களில் பனிப்புயலும் ரோலர் கோஸ்டரும்தான் வருகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒட்டவில்லை.

கேள்வியை வைத்துக்கொண்டு பொருளை மாற்றுங்கள் சேர். ரோலர் கோஸ்டர் பாடத்தின் கேள்வி, உயரத்தில் இருக்கும் சக்தி கீழே வரும்போது என்னவாகிறது என்பது. அதற்கு வான் பாயும் தண்ணீர் இருக்கிறது.

உங்களுக்கோ கண்ணுக்கு முன்னால் காற்றாலைகள். மன்னார்த் தீவிலுள்ள தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கட்டும். பழுதான டிவிடி பிளேயரிலிருந்து ஒரு சிறு மோட்டார், சோடாப் போத்தலில் வெட்டிய இதழ்கள், ஒரு மல்ரிமீற்றர் போதும். இதழின் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வோல்ற்றளவைக் குறிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கு அங்கேதான் பிடிபடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்கு. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் செய்தால் மின்விசிறி கூடத் தேவையில்லை.

நெடுங்கேணியிலிருந்து ஒரு மாணவர், தரம் 10: யானை வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ற்று என்கிறார்கள். தொட்ட யானை சாகாமல் ஓடுகிறது. வீட்டுக் கரண்ட் 230 வோல்ற்றுத்தானே, அது ஏன் ஆளைக் கொல்லுகிறது?

நல்ல கேள்வி தம்பி. யானை வேலியில் மின் தொடர்ந்து ஓடுவதில்லை. பற்றரியிலிருந்து சக்தி வாங்கும் கருவி, ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு தடவை துடிப்பாக அனுப்புகிறது. ஒரு துடிப்பு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காது. வோல்ற்று கூட, ஆனால் ஒரு துடிப்பில் உடலுக்குள் போகும் சக்தி குறைவு. வலிக்கும், தசை சுருங்கும், விலக நேரம் கிடைக்கும். வீட்டு மின் விடாமல் ஓடும், கை தசை இறுகி விட முடியாமல் போகலாம், இதயத்தின் துடிப்பைக் குழப்பிவிடும். எங்காவது வேலிக் கம்பியில் வீட்டு லைனைக் கொழுவியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். அது சட்டவிரோதம், ஆளையும் யானையையும் கொல்லும்.

வேலியில் கை வைக்காமலே ஆராய இடம் நிறைய இருக்கிறது. ஒரு டப்பாவில் காய்ந்த மண் எடு, இரண்டு ஆணி குத்து, மல்ரிமீற்றரால் தடையைப் பார். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒவ்வொரு தடவையும் எழுது. வேலியின் மின் யானையின் உடலால் நிலத்துக்குப் போய், அங்கிருந்து புவிக்கம்பிக்குத் திரும்பினால்தான் அடி விழும். கோடையில் மண் காய்ந்தால் வேலி ஏன் பலவீனமாகிறது என்று உன் அட்டவணையே சொல்லும். அப்புறம் இதையும் யோசி: கொம்பன் யானை தந்தத்தால் கம்பியைத் தள்ளும், தந்தம் மின்னை நன்றாகக் கடத்தாது. சில யானைகள் மரத்தை முறித்து வேலிமேல் போடும். இந்த இரண்டுக்கும் தாங்கும் ஒரு வேலியைக் கடதாசியில் வரைந்து உன் ஆசிரியரிடம் காட்டு.

பரந்தனிலிருந்து ஓர் ஆசிரியை: சாதாரண தர இரசாயனத்தில் உப்பு விளைவித்தலை எப்படி உயிரோட்டமாகச் செய்வது?

ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருக்க நீங்கள் பலகைப் படத்தோடு நிற்க வேண்டாம். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அகன்ற தட்டில் வெயிலில் வைத்து, வற்ற வற்ற என்ன படிகிறது என்று பார்க்க விடுங்கள். முதலில் கல்சியம் காபனேற்று, பிறகு கல்சியம் சல்பேற்று, கனவளவு பத்தில் ஒன்றளவுக்கு வந்த பிறகே கறியுப்பு. கறியுப்பு படிந்தபின் கடைசியில் மிஞ்சும் தாய்த்திரவத்தில் மக்னீசியம் உப்புகள் தங்கும், கசப்பு அதனால்தான். உப்பளத்தில் பாத்தி பாத்தியாக மாற்றுவது ஏன் என்பது அங்கேயே விளங்கிவிடும். அந்த உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் எடுத்த தொழிற்சாலை உங்கள் பரந்தனிலேயே இருந்தது. வயதானவர்கள் நினைவு வைத்திருப்பார்கள், அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஓர் ஆசிரியர்: வெளிக்களச் செயற்பாட்டுக்குக் காட்டோரம் கூட்டிப்போகலாமா?

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடம் என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிறகு மட்டும். மண் மாதிரிக்குப் புதிய இடத்தில் கிண்ட விடாதீர்கள். தெரியாத உலோகத்தைத் தொடக்கூடாது, எடுத்துவரக்கூடாது, கண்டால் இடத்தை நினைவு வைத்து அறிவிக்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பாடசாலை வளவும் வாய்க்காலுமே போதும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: இப்படிச் செய்து கொண்டிருந்தால் பாடத்திட்டம் முடியுமா? மகனுக்கு மார்க்ஸ் வருமா?

உங்கள் பயம் நியாயமானது அம்மா. எல்லா அலகையும் இப்படிப் படிப்பிக்கச் சொல்லவில்லை. ஒரு தவணைக்கு ஒரு பெரிய செயற்பாடு போதும், அதையே பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் எடுக்கலாம். அளந்து அட்டவணை போட்டு வரைபு கீறிய பிள்ளை, பரீட்சையில் வரைபுக் கேள்வியைக் கண்டு தடுமாறாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உங்கள் அறிவியல்நகரில்தான் இருக்கிறது. பாடசாலை மூலம் கடிதம் எழுதி, ஒரு நாள் ஆய்வுகூடங்களைப் பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை: அடுத்த தவணைக்குச் செலவே இல்லாத ஒரு செயற்பாடு சொல்லுங்கள்.

மழைமானி. நேரான போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனலாக வைத்து, அடியில் சமமாகும் வரை கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து அடிமட்டம் ஒட்டுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை ஒரே நேரத்தில் ஒரு பிள்ளை வாசித்து எழுதட்டும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். பாடசாலைக் கூரை 10 மீற்றருக்கு 6 மீற்றர் என்று வையுங்கள், 25 மில்லிமீற்றர் பெய்த நாளில் 1,500 லீற்றர் அதில் விழுந்திருக்கும். பீலி வைத்துப் பிடிக்க எவ்வளவு பெரிய தாங்கி வேண்டும், மலசலகூடத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்று தரம் 9 கணக்குப் போட்டு அதிபரிடம் கொடுக்கட்டும். எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது, ஆகவே செப்ரெம்பர் முடியுமுன் போத்தலை நட்டுவிடுங்கள்.