ஆயில்யம் பொண்ணு மாமியாருக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, அந்த நட்சத்திரத்தோட குணமே மோசமா?

பொண்ணு ஆயில்யம்னு தெரிஞ்சதும் மாப்பிள்ளையோட அம்மா பயப்படுறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நானே ஆயில்யம்தான், மலேசியாவுல சுங்கை சிப்புட்ல மாமியாரோட ஒரே வீட்டுல இருக்கேன், அவங்க எனக்கு முன்னாடி எந்திரிச்சி பசாருக்குப் போய்ட்டு வந்துடுவாங்க.

குணத்துக்கு வருவோம். கடக ராசியோட கடைசி நட்சத்திரம் இது, அதிபதி புதன், தேவதை நாகம். கடகம் மனசு, புதன் பேச்சு, ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னா எதிர்ல இருக்குறவங்க வாயத் தொறக்குறதுக்குள்ளயே என்ன சொல்ல வர்றாங்கன்னு புரிஞ்சிடும், ஆனா நம்ம மனசுல உள்ளத லேசுல வெளிய விடமாட்டோம், மறக்கவும் மாட்டோம். என் மாமியார் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க, கோவம் வந்தா அந்த நிமிஷமே கத்தித் தீத்துட்டு அப்புறம் "சாப்டியாம்மா"ன்னு கேப்பாங்க. நான் அப்படி இல்ல. ஒருதடவ நாத்தனார் முன்னாடி என் மீன் கறிய வெறும் புளித்தண்ணின்னு சொல்லிட்டாங்க, நான் சிரிச்சிக்கிட்டே போய்ட்டேன், ரொம்ப நாள் கழிச்சி வீடு நெறைய சொந்தக்காரங்க இருக்கப்ப அதே கறிய அவங்க தட்டுல ஊத்தி "பாத்து சாப்டுங்க அத்த, புளித்தண்ணி"ன்னேன். இதுதான் ஆயில்யம். விஷம்னு சொல்றதெல்லாம் இந்த நாக்கத்தான், யாரோட ஆயுசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லங்குறதுதான் என் கருத்து.

சரி, தோஷத்த நம்புறவங்கன்னே வச்சிக்குவோம். ஒரு நட்சத்திரத்த நாலு பாதமா, அதாவது நாலு பங்கா பிரிப்பாங்க, அதுல மொதல் பாதத்துக்கு அது கெடையாதுன்னு சாஸ்திரத்துலயே விலக்கு இருக்கு. அதனால பாதம் சரியான்னு பாருங்க, நம்ம ஊருல இதுலதான் நெறைய பேருக்கு கோளாறு. மலேசிய நேரம் இந்தியாவுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, 1982க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு இங்க தீபகற்பத்துல ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்துல ஆயில்யம் காலைல 10.30 வரைக்கும்னு போட்டிருந்தா இங்க மதியம் 1 மணி வரைக்கும்னு அர்த்தம், அத மாத்தாம அப்படியே பாத்தா இங்க 11.30க்குப் பொறந்த புள்ளைய அடுத்த நட்சத்திரமான மகம்னு எழுதிடுவாங்க. ஒரு பாதமே ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான், அப்ப ரெண்டரை மணி நேரம் தள்ளிப் போனா மொதல் பாதத்துப் புள்ள ரெண்டாம் பாதம் ஆயிடும், இல்லாத தோஷம் வந்து ஒட்டிக்கும். பொறப்புப் பத்திரத்துல நேரம் இருக்கும், அத வச்சி நம்ம நாட்டு நேரத்துக்கு திரும்ப கணிக்கச் சொல்லுங்க. எனக்கு எப்படிப் போட்டாலும் மூணாம் பாதம்தான் வருது, தப்பிக்க வழியில்ல லா.

பொருத்தம் பாக்குறப்ப மாப்பிள்ளை மகம், பூரம்னா கொஞ்சம் யோசிக்கலாம், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு, ஆயில்யத்துக்கு பூன, அது ரெண்டுக்கும் எலி, அந்த மிருகத்த வச்சிப் பாக்குற யோனிப் பொருத்தம் வராது. மத்தபடி மாமியாரோட ஆயுசுதான் கவலைன்னா அவங்க ஜாதகத்த எடுத்துக்கிட்டுப் போய் காட்டட்டும், வரப்போற மருமக கட்டத்துல எதுக்கு அதத் தேடணும்?