ரோட்டில் நிற்கும் கார் ட்ராக்கில் ஏன் நிற்பதில்லை? பிரேக் கேள்வி-பதில்

கேள்வி: சென்னை பக்கத்திலிருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சில சுற்றுகள் போனதும் பிரேக் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததும் சரியாகிவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் குறை எதுவும் இல்லை என்கிறார். என்ன நடந்திருக்கும்?

பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. சூடு தணிந்ததும் ஆவி திரும்பவும் திரவமாகிவிட்டதால் மெக்கானிக் கண்ணில் எதுவும் படவில்லை.

காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 580 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். 200 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் அது நான்கு மடங்கு. ரோட்டில் ஒருமுறை அழுத்தி மிதித்தால், அடுத்த முறை மிதிப்பதற்குள் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) ஆறிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்றே 3.7 கி.மீ. தான், அதற்குள் 12 வளைவுகள். சூடு இறங்க நேரமே இல்லை. அது டிஸ்க்கிலிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும், பேடிலிருந்து அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனுக்கும், கடைசியில் ஆயிலுக்கும் ஏறிவிடுகிறது.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தர வகை. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி இருந்தாலே விதிப்படி போதும். ஊருக்குள் அந்த 155ஐ நீங்கள் தொடவே மாட்டீர்கள், ட்ராக்கில் தாண்டிவிடுவீர்கள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் உங்கள் காலின் அழுத்தம் ஆவியை நசுக்குவதிலேயே செலவாகி, பேடுக்குப் போய்ச் சேருவதில்லை.

மறுபடி இப்படி நடந்தால் பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதியுங்கள், ஓரளவு அழுத்தம் திரும்பும். உடனே வேகத்தைக் குறைத்து, ட்ராக் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பிட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைக்கு அதோடு சரி. பழைய ஆயிலை முழுக்க இறக்கி, கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டும் ரேஸ் ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள், குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றவும் (ஏர் எடுக்கவும்) சொல்லுங்கள். அதற்கு முன் இந்தக் காரைத் தயவுசெய்து மலைப்பாதைக்கு எடுத்துப் போகாதீர்கள். டாட் 5.1 கூட நல்ல தேர்வுதான். ஆனால் டாட் 5 என்பது சிலிகான் ஆயில், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

கேள்வி: எனக்கு நேர்மாறு. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, கார்தான் நிற்கவில்லை.

அது ஆயில் கோளாறு இல்லை, பேடு. பேடிலிருக்கும் பொருள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். அளவுக்கு மீறிச் சூடானால் அது சிதைந்து வாயுவை வெளிவிடும், பேடின் பிடிமானம் குறைந்துபோகும். சாதாரண ரோடு பேடுகள் 400 டிகிரியை நெருங்கும்போதே தளர ஆரம்பிக்கும். ட்ராக்கில் டிஸ்க்கின் சூடு 600 டிகிரியைத் தொடுவது சகஜம்.

பெடல் இறங்கினால் ஆயில், கெட்டியாக இருந்தும் நிற்காவிட்டால் பேடு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் தேவையில்லாத பாகங்களுக்குக் காசு கொடுக்க மாட்டீர்கள்.

கேள்வி: அப்படியானால் ரேஸ் பேடையே நிரந்தரமாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ரேஸ் பேடு சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். மழைக்காலக் காலையில், வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் சிக்னலில், திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் உங்களுக்குத் தேவை குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும் பேடு. அதை ரோடு பேடுதான் கொடுக்கும். ரேஸ் பேடு கிறீச்சிடும், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டு ட்ராக்குக்குப் போகும்போது மாற்றுவதே என் யோசனை. மாற்றும் ஒவ்வொரு முறையும் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பேடு கம்பெனி சொல்லும் முறைப்படி, நடுத்தர வேகத்திலிருந்து பல தடவை அழுத்திக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஆறு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் போட்டால் சீக்கிரம் நிற்குமா?

முதல் தடவை மிதிக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் காரில் இருக்கும் பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், எல்லை டயரில் இருக்கிறது, பிரேக்கில் இல்லை. பெரிய டிஸ்க்கின் பலன் பத்தாவது தடவையில்தான் தெரியும், அதிகச் சூட்டைத் தாங்கும் என்பதால். முன் சக்கரங்களுக்கு மட்டும் பெரிதாகப் போட்டு முன்-பின் சமநிலையைக் கெடுத்தால், நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். முதலில் ஆயில், அப்புறம் பேடு, அப்புறம் நல்ல டயர். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

கேள்வி: துளை போட்ட டிஸ்க்கா, மேற்பரப்பில் பள்ளமாகக் கோடு போட்டதா?

ட்ராக்குக்குக் கோடு போட்டது. துளைகளின் விளிம்பிலிருந்து விரிசல் ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி: கார்பன் செராமிக் பிரேக் அந்த விலைக்குத் தகுமா?

போர்ஷே 2001இல் 911 ஜிடி2 காரில் இதைக் கொடுத்தது. இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறக்குறைய பாதிதான், துரு பிடிக்காது, கடும் சூட்டிலும் தளராது. ஃபார்முலா 1 கார்களில் இருப்பதும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக் கார்பன், சூடேறாமல் சரியாகப் பிடிக்காது. செராமிக் கலந்தது ரோட்டில் குளிராக இருக்கும்போதும் பிடிக்கும். ரோட்டிலேயே ஓட்டுபவருக்கு இது மிக நல்ல பிரேக். அடிக்கடி ட்ராக்குக்குப் போகிறவருக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன். திரும்பத் திரும்பக் கடும் சூடு பட்டால் செராமிக் டிஸ்க்கிலுள்ள கார்பன் இழைகளும் மெல்ல எரிந்துபோகும், புதிதாக மாற்றும் செலவு பயங்கரம்.

கேள்வி: ட்ராக் பக்கமே போவதில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது தீய்ந்த வாடை வந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கே இப்படியா?

இது ட்ராக்குக்குக் குறைந்த சோதனை இல்லை. உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். 1,500 கிலோ கார் அவ்வளவு தூரம் கீழே இறங்கும்போது வெளியாகும் சக்தி 22 மெகாஜூல், அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 38 தடவை நிறுத்துவதற்குச் சமம். ஒரு பங்கு டயரிலும் காற்றிலும் கழிந்துவிடும், மீதியை எஞ்சின் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் சுமக்க வேண்டும். மெதுவாகப் போவதால் டிஸ்க்குக்குக் காற்றும் அதிகம் கிடைக்காது.

இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றாலும் கியரை நீங்களே குறைக்கலாம். காலை பெடலில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க்கில் விரிசல் விழலாம்.

கேள்வி: ட்ராக்கிலிருந்து வந்தபின் பெடலில் அதிர்வு. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் வளைந்திருக்காது. சூடான டிஸ்க்கில் பேடு ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால் அதன் பொருள் அங்கே திட்டாக ஒட்டியிருக்கும். முறையாகப் பழக்கினால் சில சமயம் போய்விடும், போகாவிட்டால் டிஸ்க்கைக் கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இனிமேல் கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.