ஒண்ணையாவது முடியவிடேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு முப்பத்தெட்டு வயது. ஓராண்டாக, இரவு படுக்கும் முன் ‘பத்து நிமிஷம்’ என்று கைபேசியை எடுக்கிறேன். கீழே வைக்கும்போது மணி ஒன்றரை. ரீல்ஸ், ஷார்ட்ஸ், யார் யாரோ போடும் சண்டை. சந்தோஷமாகவும் இல்லை, விடவும் முடியவில்லை. இன்ஸ்டாகிராமை மூன்று முறை அழித்து மூன்று முறையும் திரும்ப ஏற்றிக்கொண்டேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். பழைய பட்டன் போனுக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. உடனடிச் சுகம் தருவதையெல்லாம் சில நாள் விட்டுவிடும் ‘டோபமின் விரதம்’ இருந்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

மாற்றாக ஏதாவது செய்யலாமென்று குரோஷேயில் படுக்கைவிரிப்பு பின்ன ஆரம்பித்தேன். மூன்று நாள் ஓடியது. அறுநூறு பக்க நாவலை எடுத்தேன். நாலு பக்கம். எதிலும் அந்தச் சுவாரஸ்யம் வரவில்லை. எனக்கு எதற்கும் திறமை இல்லையோ என்னவோ. முன்பெல்லாம் வெளியூரில் இருக்கும் அக்காவுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவேன். இப்போது அவள் எதை அனுப்பினாலும் ஒரு இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ரசித்துச் செய்யும்படி ஒரு பத்து விஷயம் சொல்லுங்களேன்.

ர.

பி.கு.: இதை எழுத இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நீளத்துக்கு மன்னிக்கவும்.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொன்றிலும் புரை இருக்கிறது, அதனால் அதையும் மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் படம் தெரிந்தது. அவருக்குச் சத்தம் மட்டும். பாதிச் சிரிப்பு. ஒரு பாட்டின் முதல் வரி. நாய் குரைப்பு. ஒருவர் “இதுக்குக் காரணம் என்னன்னா” என்று தொடங்குகிறார், அதற்குள் வேறொரு சிரிப்பு. இப்படியே எவ்வளவு நேரம் போனதோ. அப்பா மெதுவாகக் கேட்டார்: “ஒண்ணையாவது முடியவிடேன்டா.”

நான் நிறுத்தினேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. “அந்த ஆள் என்னமோ காரணம் சொல்ல வந்தாரே, என்ன சொன்னார்?” என்றார். அவருக்கு உண்மையிலேயே அது தெரியவேண்டியிருந்தது. மேலே தள்ளித் தேடினேன். கை பட்டுத் திரை புதுப்பித்துக்கொண்டுவிட்டது. அந்த ஆள் இல்லை. எதற்கான காரணம் என்பதுகூட எனக்கு நினைவில்லை. கண் கட்டியிருந்தவர் கவனித்துக் கேட்டிருக்கிறார், பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் உங்கள் கடிதம்.

சிலவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கறுப்பு வெள்ளைத் திரை சிலருக்கு உதவுகிறது, உங்களுக்கு உதவவில்லை, விடுங்கள். பட்டன் போன் வாங்குவது உங்கள் விருப்பம். டோபமின் விரதம் என்ற பேச்சு எனக்கு எரிச்சலூட்டுவது. டோபமின் நம் மூளையே சுரக்கும் பொருள். அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்தால் கையைக் காலை நினைத்தபடி அசைக்க முடியாது, பார்க்கின்சன் நோயில் நடப்பது அதுதான். அதற்கு யாரும் விரதம் இருக்க முடியாது. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. விளக்கு எரிந்தால் பழரசம் வரும் என்று குரங்கு பழகிய பிறகு, டோபமின் நரம்பணுக்கள் துடித்தது விளக்கு எரிந்த கணத்தில். ரசம் நாவில் விழுந்தபோது அவை சும்மா இருந்தன. ‘அடுத்தது என்ன’ என்ற அந்தக் கணம்தான் உங்கள் விரலைத் தள்ளுகிறது. வந்து சேர்ந்த வீடியோ உங்களைச் சந்தோஷப்படுத்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இது.

இனி நான் சொல்ல வந்தது. உங்கள் கைபேசியில் இருப்பதெல்லாம் குப்பை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல பாட்டு இருக்கிறது, அறிவாளிகள் பேசுகிறார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று, முடிவு. முன்பு இணையப் பக்கத்துக்கு ஒரு அடி இருந்தது. கீழே போனால் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த அரை நொடியில்தான் ‘போதும்’ என்ற சொல் வாழ்ந்தது. 2006இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பயனருக்கு எதற்கு இடைஞ்சல் என்று நினைத்து, தள்ளத் தள்ளத் தானாக நீளும் பக்கத்தை உருவாக்கினார். நல்லெண்ணத்தில் செய்தது. பின்னாளில் அதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார்.

அப்போதும் ஒரு வாசல் மிச்சமிருந்தது. பதிவுகள் நேர வரிசையில் வந்தவரை, தள்ளிக்கொண்டே போனால் நேற்றுப் பார்த்த இடம் வந்துவிடும். ‘ஓ, இதைப் பார்த்தாச்சு’ என்று வைத்துவிடுவோம். 2016இல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடிக்கும் என்று தான் கணித்த வரிசைக்கு மாறியது. நேற்று நின்ற இடம் என்ற ஒன்றே காணாமல் போனது. நீங்கள் மன உறுதி இல்லாதவர் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதாகத் தெரிகிறது. படிக்கட்டில் கடைசிப் படியை எடுத்துவிட்டால் யாராக இருந்தாலும் கால் தடுமாறத்தான் செய்யும்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். ‘எனக்குத் திறமை இல்லை.’ எத்தனை சுலபமாக எழுதிவிட்டீர்கள்! மூன்று நாள் ஊசி பிடித்துவிட்டு இந்தத் தீர்ப்பை எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நீங்கள் எடுத்தது என்ன என்று பாருங்கள். படுக்கைவிரிப்பு. அறுநூறு பக்க நாவல். முடிவே கண்ணுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து தப்பிக்க, முடிவே கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். அதே நூலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னியிருக்கலாம். நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றி மூன்று சுற்று. பிறகு நூலை வெட்டி, நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே, முடிந்துவிட்டதல்லவா? நாவலுக்குப் பதில் எட்டுப் பக்கச் சிறுகதை. எட்டாம் பக்கத்தின் கீழே வெற்றுத்தாள் இருக்கும். அந்த வெற்றுத்தாளில் சிறிது நேரம் கண்ணை நிறுத்துங்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரும் அப்பாதான். ஒன்பது வயதில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். டயரை விளிம்பிலிருந்து நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வரவேண்டும். ஓரிடத்தில் குமிழி கிளம்பும். நூல் கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். அங்கே விரலை வைத்து எடுத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவவேண்டும். அதோடு நிறுத்தி, காத்திருக்க வேண்டும். எனக்கு அவசரம். ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்து அழுத்திவிடுவேன். வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்பா ஒன்றும் சொல்லாமல் உப்புத்தாளை மறுபடி என் கையில் கொடுப்பார். மூன்றாவது தடவை நானே கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பளபளப்பு மங்கி உலரும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் எனக்குச் சலிப்பு இருந்ததா? இருந்தது. இன்று நினைத்தால் அந்த மங்கும் பளபளப்பு மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

ஒட்டியதும் மாட்ட ஓடுவேன். “முக்கிப் பாரு” என்பார். அதே இடத்தை மறுபடி தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கவேண்டும். குமிழி இல்லை. தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அப்படி நிற்பதை அவரும் என்னோடு குனிந்து சிறிது நேரம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ‘ம்’ என்பார்.

எந்த வேலையிலும் முதல் இருபது நிமிடம் பேட்ச் வழுக்கும் நேரம்தான், ர. கைபேசி முதல் நொடியிலேயே சுவை கொடுக்கிறது, நாற்பதாவது நிமிடத்தில் கொடுப்பதில்லை. கையால் செய்யும் எதுவும் இதற்கு நேர்மாறு. நீங்கள் இரண்டையும் முதல் ஐந்து நிமிடத்தை வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டில் கைபேசி எப்போதும் ஜெயிக்கும்.

இன்னொன்று. செயலியை அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டீர்கள், அதனால்தான் மூன்று முறையும் திரும்பினீர்கள். 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். விரும்பினால் அழுத்திக்கொள்ள, லேசாக ஷாக் அடிக்கும் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அந்த ஷாக் வேண்டாம், அதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்பே சொல்லியிருந்தவர்கள் அவர்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கடினம். ஆகவே கைக்கு எட்டும் தூரத்தில் முன்பே ஏதாவது வைத்திருங்கள். படுக்கையருகே கைபேசி இருக்கும் இடத்தில் அந்த நூலும் ஊசியும் இருக்கட்டும். கைபேசி வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும்.

பத்து விஷயம் கேட்டீர்கள். தரமாட்டேன். பத்துப் பட்டியல் என்பதும் தள்ளிக்கொண்டு போவதற்கு இன்னொன்று. ஆனால் உங்கள் பின்குறிப்பை நீங்களே திரும்ப வாசித்தீர்களா? இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை முறை இன்ஸ்டாகிராமைத் திறந்தீர்கள்? திறந்திருந்தால், எதையும் மறைக்காத நீங்கள் அதையும் எழுதியிருப்பீர்கள். கடைசியில் ‘ர.’ என்று போட்டு நிறுத்தினீர்கள், பிறகு மனசு கேட்காமல் பின்குறிப்பும் சேர்த்தீர்கள். அதற்குப் போய் மன்னிப்பு வேறு கேட்கிறீர்கள்!

இதற்குப் பதில் எனக்கு எழுதவேண்டாம். அக்கா கடைசியாக அனுப்பியது எதுவோ, நீங்கள் இதயம் போட்டுவிட்டு நகர்ந்தீர்களே, அதை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். ஒரு பக்கமானாலும் சரி. அடியில் உங்கள் முழுப்பெயரைப் போடுங்கள்.

அப்பாவுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு கண்.