ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகளின் வேதிப்பண்பு ஒன்றுதான் என்றால், கனநீர் (டியூட்டீரியம் என்ற கனத்த ஹைட்ரஜன் ஐசோடோப்பு கொண்ட நீர்) மட்டும் ஏன் 3.8 டிகிரியிலேயே உறைகிறது?

பாடநூல் சொல்வது பெரும்பாலும் சரிதான். வேதிவினையைத் தீர்மானிப்பவை எலக்ட்ரான்கள். ஐசோடோப்புகளில் மாறுவதோ நியூட்ரான் எண்ணிக்கை. குளோரின் 35-க்கும் 37-க்கும் நிறையில் 6 சதவீத வேறுபாடுகூட இல்லை, விட்டுவிடலாம்.

ஹைட்ரஜன் கதை வேறு. அதன் கருவில் இருப்பது ஒரே ஒரு புரோட்டான். டியூட்டீரியத்தில் கூடவே ஒரு நியூட்ரான் சேர, நிறை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. கனத்த அணு மெதுவாக அதிர்வதால் கனநீர் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு சற்று வலுப்படுகிறது. பிரிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும். அதனால்தான் உருகுநிலை 3.8, கொதிநிலை 101.4 டிகிரி செல்சியஸ். கனநீர்ப் பனிக்கட்டியைக் குளிர்ந்த சாதாரண நீரில் போட்டுப் பாருங்கள், மிதக்காது. நேராக அடிக்குப் போய்விடும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பதும் இதே கனநீர்தான்.